அவசரமும் பதற்றமும் இல்லாமல் விமானப் பயணம் செய்யப் பழகுவது எப்படி?

விமான நிலையத்தில் பதறுகிறவர்களைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால், அவர்களில் பலரை அலைக்கழிப்பது பறப்பதைப் பற்றிய பயம் அன்று என்பது விளங்கும். வீட்டிலேயே நிதானமாக எடுத்திருக்க வேண்டிய சிறு சிறு முடிவுகளை, வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் நிற்பவர் பொறுமையிழக்கும் நேரத்தில் எடுக்க வேண்டியிருப்பதே அவர்களுடைய திணறலுக்குக் காரணம். எனவே, நிம்மதியாகப் பயணம் செய்ய விரும்புகிறவர் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கம், முடிவு எடுக்கும் வேலையை விமான நிலையத்துக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதுதான்.

இது பயணச்சீட்டு வாங்கும்போதே தொடங்குகிறது. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருவதால், காலையில் ஓரிடத்தில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த பயணங்களின் தலையில் விழுந்து, மாலைக்குள் பெருகிவிடுகிறது. நேரம் முக்கியமாக இருக்கும்போது நாளின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இடையில் விமானம் மாற வேண்டியிருந்தால், இரண்டு கட்டங்களையும் ஒரே பதிவில் வாங்குவது அதைவிட முக்கியமானது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே பதிவில் வாங்கியவரை மாற்று விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேர்கிறது. தனித்தனியாக வாங்கியவர் பெரும்பாலும் புதிய சீட்டுக்குத் தம் கைப்பணத்தைச் செலவிட நேர்கிறது. பணம் மிச்சமாகிறது என்பதற்காகத் தனித்தனிச் சீட்டு வாங்குவதில், பயணம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேதனையை ஈடுகட்டும் அளவுக்கு மிச்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கிறதா என்பதை வாங்கிய அன்றே சரிபார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால், காலாவதியாகும் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டி அடுக்குவதில் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம், எல்லாப் பயணத்திலும் அதே இடம். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் கைப்பையின் குறிப்பிட்ட ஓர் அறையில் மட்டுமே இருக்க வேண்டும். காட்டி முடித்தவுடன் அவை சட்டைப்பைக்குப் போகாமல் அந்த அறைக்கே திரும்ப வேண்டும். சில பயணங்களுக்குப் பிறகு கை தானாகவே அங்கே போகும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள், மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்றுடை, கைப்பேசி சார்ஜர் ஆகியவை எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வந்து சேராமல் போனாலும் ஓரிரு நாள்களைச் சமாளித்துவிடலாம் என்ற நிலையே பாதி நிம்மதியைத் தந்துவிடும்.

பவர் பேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடைசி நேரத்தில் பெட்டியைத் திறக்க வைப்பவற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், பயணிகள் அமரும் பகுதியில் அதை உடனே கண்டு அணைக்க முடியும், சரக்கு அறையில் அது கடினம் என்பதால், பவர் பேங்கைச் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின்னாற்றலின் அளவு) வரை உள்ளவற்றைத் தனி அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். வழக்கமாக விற்கப்படும் 20,000 எம்ஏஎச் கருவி ஏறத்தாழ 74 வாட்-மணிதான். விமானத்தில் இடம் இல்லையென்று கைப்பையையும் வாசலிலேயே வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பும் வேளைகளில், பையைக் கொடுப்பதற்கு முன் பவர் பேங்கையும் மருந்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது. இவை மூன்றையும் ஒரு சிறு துணிப்பையில் போட்டுக் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்கென ஒதுக்கிய அறைக்குள் வைத்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

நேரக் கணக்கில் பலரும் சறுக்குவது, சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவதால்தான். அது விமானம் தன் இடத்தைவிட்டு நகரும் நேரமே தவிர, நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் அன்று. விமானத்தில் ஏறுவதற்கான வாசலாகிய கேட் பெரும்பாலும் அதற்கு 15 முதல் 25 நிமிடங்கள் முன்னதாகவும், பெட்டிகளை வாங்கும் கவுண்டர் 45 முதல் 60 நிமிடங்கள் முன்னதாகவும் மூடப்பட்டுவிடும். ஆகவே கவுண்டர் மூடும் நேரத்தை முடிவுப் புள்ளியாகக் கொண்டு, அதிலிருந்து வரிசைக்கும் சாலைக்கும் எதிர்பாராத நெரிசலுக்கும் நேரம் ஒதுக்கிப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதை வீண் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் பயணத்தின் அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை என்பது என் உறுதியான எண்ணம். வெப் செக்-இன் வசதி இருந்தால் முந்தைய நாளே அதை முடித்து, போர்டிங் பாஸைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வதோடு, ஒரு தாளிலும் அச்சிட்டு வைத்திருப்பது நல்லது.

பாதுகாப்புச் சோதனைக்கான ஆயத்தத்தை வரிசையின் முடிவில் அல்ல, தொடக்கத்தில் செய்ய வேண்டும். வரிசையில் சேரும்போதே கைக்கடிகாரம், சாவிக்கொத்து, சில்லறை, கைப்பேசி, பெல்ட் ஆகியவற்றைக் கழற்றிக் கைப்பையின் வெளி அறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டால், தட்டு கைக்கு வரும்போது அதில் வைக்க வேண்டியவை லேப்டாப், திரவங்கள் அடங்கிய பை, கைப்பை ஆகிய மூன்று மட்டுமே. சோதனை முடிந்து தட்டுகள் உருளைகளின் மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும்போது, ஒற்றைக் காலில் நின்று பெல்ட் மாட்டிக்கொண்டே சில்லறையைப் பொறுக்கும் நெருக்கடி இதனால் ஏற்படுவதே இல்லை. மூன்று பொருள்களை எண்ணி எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளியிருக்கும் இருக்கையில் அமர்ந்து மற்றவற்றை அணிந்துகொள்ளலாம். திரவங்களுக்கான 100 மில்லி லிட்டர் வரம்பு 2006ஆம் ஆண்டில் வந்தது. புதிய ஸ்கேனர்கள் உள்ள சில விமான நிலையங்கள் அதைத் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் ஊரில் பழைய விதி இருக்கக்கூடும் என்பதால் சிறு குப்பிகளிலேயே எடுத்துச் செல்வது பாதுகாப்பானது.

சோதனை முடிந்ததும் கடைகளை நோக்கிச் செல்லாமல், முதலில் கேட் எங்கே இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். பெரிய விமான நிலையங்களில் அதற்கே இருபது நிமிடம் பிடிக்கலாம், நடுவில் ரயிலில்கூட ஏற வேண்டியிருக்கலாம். தூரம் தெரிந்துவிட்டால் மனம் அடங்கும். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் கேட் எண் மாறக்கூடும் என்பதால் அறிவிப்புத் திரை கண்ணில் படும்படி அமர்வது நல்லது.

இனி, பறப்பதையே நினைத்து அஞ்சுகிறவர்களுக்காகச் சிலவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரியாத ஓசைகளும் அசைவுகளும்தான் அவர்களுடைய பயத்தை வளர்க்கின்றன. ஓடுபாதையைவிட்டு எழுந்த சில விநாடிகளில் காலடியில் கடகடவென்ற ஓசையும், அதைத் தொடர்ந்து தொம்மென்ற அதிர்வும் கேட்கும். சக்கரங்கள் உள்ளே மடங்கி, அவற்றின் கதவுகள் மூடிக்கொள்ளும் ஓசை அது. பிறகு 1,500 அடி அளவிலான உயரத்தில் எஞ்சினின் இரைச்சல் சட்டென்று தணிந்து, விமானம் கீழே இறங்குவதைப் போன்ற உணர்வு வயிற்றில் எழும். உண்மையில் விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தரையைவிட்டு எழுவதற்காகக் கூடுதல் விசையில் இயங்கிய எஞ்சின்களை மேலேறுவதற்குத் தேவையான அளவுக்கு விமானி குறைத்திருக்கிறார், அவ்வளவுதான். தரையிறங்கியதும் இறக்கையின் மேல் பலகைகள் நிமிர்ந்து எழுவதும், எஞ்சின்கள் பேரிரைச்சல் இடுவதும் வேகத்தைக் குறைப்பதற்காகவே.

காற்றின் கொந்தளிப்பில் விமானம் குலுங்குவதைப் பொறுத்தவரை, விமானத்தின் உடலும் இறக்கைகளும் பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கத்தக்க உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. குலுக்கலில் காயமடைபவர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட் அணியாதவர்கள். ஆதலால் பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைத் தளர்வாகவேனும் அணிந்திருப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், உடலுக்கு வரக்கூடிய ஆபத்தின் பெரும்பகுதி அகன்றுவிடுகிறது. இறக்கையை ஒட்டிய இருக்கைகளில் குலுக்கல் குறைவாகத் தெரியும். கடைசி வரிசைகளில் அதிகம் தெரியும். படபடப்பு தொடங்கும்போது நான்கு எண்ணும் அளவுக்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு மெல்ல வெளியே விடலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பயப்படுவதை விமானப் பணியாளரிடம் ஏறும்போதே சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் நடுவில் வந்து விசாரிப்பதே பெரிய ஆறுதல். பயணத்தையே தவிர்க்கும் அளவுக்குப் பயம் இருந்தால், அதற்கு நல்ல சிகிச்சைகள் உள்ளன. மருத்துவரை அணுக வேண்டும்.

உடல் சோர்ந்தால் மனமும் எரிச்சலடையும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கிறது. காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான். வயிறு உப்புவதும் உதடு காய்வதும் இதனால்தான். ஏறுவதற்கு முன் அளவாகச் சாப்பிட்டு, காலிக் குப்பியைச் சோதனைக்குப் பின் நிரப்பிக்கொண்டு, அவ்வப்போது ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் நல்லது. பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. எனவே இடையிடையே எழுந்து நடக்கவும், அமர்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைக்கவும் வேண்டும். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்குவதால், அப்போது தூங்காமல் விழித்திருந்து எச்சிலை விழுங்கிக்கொண்டோ மிட்டாய் சப்பிக்கொண்டோ இருந்தால் காது அடைப்பு குறையும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஏற்ற நேரமும் அதுவே.

எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் தாமதமும் ரத்தும் நம் கையில் இல்லை. விமானம் ரத்தானதாக அறிவித்தவுடன் எல்லோரும் ஒரே கவுண்டரை நோக்கி ஓடுவார்கள். வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் செயலியிலும் தொலைபேசியிலும் முயல்கிறவருக்கு மாற்று இடம் விரைவில் கிடைக்க வாய்ப்புண்டு. கவுண்டரில் இருப்பவர் அந்தத் தாமதத்துக்குக் காரணமானவர் அல்லர். அடுத்து எந்த விமானத்தில் இடம் வேண்டும் என்பதை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு, பணிவாகவும் தெளிவாகவும் கேட்பவருக்கு உதவுவது அவருக்கும் எளிது.

பெட்டி வராவிட்டால், வெளியே போய்விட்டுத் திரும்பலாம் என்று நினைக்கக் கூடாது. பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட் அருகிலுள்ள அலுவலகத்திலேயே புகாரைப் பதிந்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெட்டியை மூடும் முன் கைப்பேசியில் எடுத்த படங்கள் அப்போது மிகவும் உதவும். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணங்களில், சேதமடைந்த பெட்டிக்கு அது கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 21 நாள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம்.