கிராமத்து வீடுகளில் கழிவுநீர்ப் பைப், செப்டிக் டேங்க் சுத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில், வீட்டுப் பைப் அந்தச் சாக்கடையைச் சேரும் வரைதான் நம் கவலை. தோட்டத்திலோ வயலோரத்திலோ தனியாக இருக்கும் வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. சமையலறை சிங்க், மண்ணுக்குள் நீளமாக ஓடும் பைப், செப்டிக் டேங்க், கடைசியில் உறிஞ்சு குழி எல்லாமே நம் பொறுப்பு. இதில் கோளாறு எங்கே என்று பார்க்காமலே கழிவு உறிஞ்சும் லாரிக்கோ, தண்ணீரைப் பீய்ச்சிப் பைப்பைச் சுத்தம் செய்யும் ஜெட் மெஷினுக்கோ போன் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. லாரி வந்து டேங்கைக் காலி செய்துவிட்டுப் போகும். அடைப்பு பைப்பில் இருந்தால் மறுநாளும் தண்ணீர் தேங்கும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே ஒரு சிங்க் மட்டும் தேங்கினால் கோளாறு அதன் கிளைப் பைப்பில். டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் தரை ஓட்டையில் குமிழி வந்தாலோ, வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது வீட்டின் தாழ்வான இடத்தில் அழுக்குத் தண்ணீர் மேலே ஏறினாலோ, மெயின் லைனில் பிரச்சினை. அடுத்து, வீட்டுப் பக்கமிருந்து சேம்பர் (பைப் பாதையில் நடுநடுவே உள்ள சிறு தொட்டி) மூடிகளை வரிசையாகத் திறந்து, சற்று விலகி நின்று பாருங்கள். முதல் சேம்பர் நிரம்பி, இரண்டாவது காலியாக இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே. எல்லாமே நிரம்பியிருந்தால் கடைசிச் சேம்பருக்கும் டேங்குக்கும் நடுவிலோ, டேங்கிலோ, அதைத் தாண்டியோ. இதை மட்டும் சொன்னாலே வேலைக்கு வருபவருக்குப் பாதி நேரம் மிச்சம். கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் குருவிக்கூடு அடைத்திருந்தாலும் பைப் களகளவென்று சத்தம் போடும், வீட்டுக்குள் நாற்றம் வரும்.

மூடியைத் திறந்ததும் “டேங்க் ஃபுல்லாயிடுச்சு” என்று பதறுவது இன்னொரு தவறு. நல்ல நிலையில் உள்ள டேங்கிலும் தண்ணீர் எப்போதும் வெளியேறும் பைப்பின் அடிமட்டம் வரை நிற்கும். கவனிக்க வேண்டியது அடியில் படிந்த சேற்றையும் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும்தான். நீளமான கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடி வரை மெதுவாக இறக்கி, சற்று நேரம் வைத்துவிட்டு எடுத்தால், சேறு நின்ற உயரம் வரை துணியில் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். சேறும் படலமும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளுக்கு இது 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். தள்ளிப்போட்டால் சேறு வழிந்து உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். டேங்கைக் காலி செய்வது ஒரு நாள் வேலை, கெட்டுப்போன உறிஞ்சு குழியைப் புதிதாகத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கம்பு விடுவதாக இருந்தாலும் தலையை உள்ளே நீட்டாதீர்கள், பீடி, தீப்பெட்டி எதுவும் அருகில் வேண்டாம், தனியாகவும் செய்யாதீர்கள். டேங்குக்குள் எந்த மனிதரையும், எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. மலம் மட்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போதே மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் நேரம்தான் பேராபத்து. அளவு இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்கக் குதித்த அண்ணனும் தம்பியும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல், மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையை அழையுங்கள். “உள்ளே இறங்கித் தேய்த்துச் சுத்தம் செய்கிறோம்” என்று சொல்பவரை அப்போதே திருப்பி அனுப்புங்கள். சேற்றைக் கலக்கி உறிஞ்ச மேலே நின்றபடியே ஹோஸ் பைப் போதும்.

ஆள் வருவதற்குள் ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ ஊற்றிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அது அடைப்பைக் கரைக்காவிட்டால் அதே பைப்பில் தேங்கி நிற்கும். பிறகு அடைப்பைக் குத்தி எடுக்க ஸ்பிரிங் கம்பி விடுபவரின் கண்ணில் தெறிக்கும். ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டேங்கில் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களையும் இவை கொல்லும்.

பைப்பைச் சுத்தம் செய்வதில் முறை மாறினாலும் பலன் போய்விடும். ஸ்பிரிங் கம்பி அடைப்பில் ஓட்டை போட்டு வழிவிடும், ஆனால் சுவரில் ஒட்டிய கொழுப்பு அப்படியே இருக்கும். அதைச் சுரண்டி எடுப்பது உயர் அழுத்த ஜெட். ஜெட் முனை பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே முன்னேறி, அழுக்கைத் தான் நுழைந்த பக்கத்துக்கு இழுத்து வரும். அதனால் டேங்க் பக்கமிருந்து வீட்டை நோக்கி விடுவது நல்லது. டேங்கில் சேறு நிறைந்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு ஜெட் அடிக்கச் சொல்லுங்கள். பழைய மண் பைப் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், விரிசல் இருந்தால் அழுத்தம் அதை உடைத்துவிடும். மர வேர் புகுந்திருந்தால் வெட்டுவது தற்காலிகம்தான். கேமரா விட்டு, வேர் நுழைந்த ஜாயின்டைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வளரும்.

லாரியை டேங்க் மூடி மேலேயோ, உறிஞ்சு குழி மேலேயோ ஏற்ற விடாதீர்கள். எடுத்த சேறு எங்கே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். அதில் உள்ள உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், ஓடையிலும் வயலிலும் கொட்டினால் அது ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் வரும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்கை முழுதாகக் காலி செய்ய வேண்டாம். கீழிருந்து நீர் தள்ளி டேங்கே மேலே எழும்பி, பைப் இணைப்பு முறிந்துவிடும்.

காலியான டேங்கில் நுண்ணுயிர்ப் பவுடர் போடத் தேவையில்லை, அடுத்த நாள் கழிவோடு அவை தானாக வந்துவிடும். சேம்பர், டேங்க் மூடி, பைப் போகும் பாதை மூன்றையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை முற்றத்தைத் தோண்டித் தேட வேண்டியிருக்காது.