சென்னை வெயிலுக்கு ஜன்னல் திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ட்டன் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களோடு அளவெடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், எங்கள் காலத்துத் தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அளவு தப்புவது, வளையம் குறைவது எல்லாம் ஒருமுறை அடிபட்டால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பணம் கொடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் தொடரும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

மேற்கு ஜன்னலுக்குத் தடித்த பிளாக்அவுட்

இதைப் பார்த்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. "வெயில் அடிக்கிற ரூமா? பிளாக்அவுட் போடுங்க, சில்லுனு இருக்கும்" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். ஒளி புகாத தடித்த திரைத்துணிதான் பிளாக்அவுட். சாதாரணத் துணியைவிட விலையும் அதிகம். இருட்டு கிடைக்கும். குளிர்ச்சி கிடைக்காது.

வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடி வீடு. நான்காவது மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. கரும்பழுப்பு நிறத்தில் மூன்றடுக்கு பிளாக்அவுட் தொங்கியது. நான் போனது ஹால் ஜன்னலுக்கு அளவெடுக்க. அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய், "இவ்வளவு கனமா போட்டும் ரூம் ஏன் அண்ணா இப்படிக் கொதிக்குது?" என்று கேட்டார். மாலை நாலு மணி இருக்கும். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். விட்ட வேகத்தில் எடுத்துவிட்டார். ராடுக்கு மேலே அந்தச் சூட்டுக்காற்று கிளம்பி அறைக்குள் வந்துகொண்டே இருந்தது. படுக்கப் போகும் நேரம் வரைக்கும் ஏசி திணறுகிறது என்றார். திணறாமல் என்ன செய்யும்?

வெயில் ஒளியாகக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருகிறது. அடர்நிறத் துணி அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தத் துணி விடுகிற வெப்பம், வந்த வழியே கண்ணாடியைத் தாண்டி அப்படியே வெளியே போகாது. வெயில் வீட்டுக்குள் வந்தாயிற்று, துணி இப்போது ஜன்னலோரம் மூட்டிய அடுப்பு. தடிமனைக் கூட்டினால் இருட்டுதான் கூடும்.

"மேலே சன்ஷேட் இருக்கே" என்பார்கள். அது உச்சி வெயிலுக்கு. மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் மேற்கு வெயில் அதற்கு அடியில் புகுந்து நேராகக் கண்ணாடியில் அடிக்கும். வடக்கு ஜன்னலும் முழுக்கத் தப்பிக்காது. சென்னை சுமார் 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. அக்னி நட்சத்திரம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

ஆக, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். பால்கனியோ சன்ஷேடோ இருந்தால் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், கண்ணாடியிலிருந்து அரை அடியாவது தள்ளி. நடுவில் ஓடும் காற்று சூட்டை வெளியிலேயே கொண்டுபோய்விடும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக்காரர் வீதிகளில், சாய்ந்த பட்டைகள் வைத்த மர ஜன்னல் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும்.

அசோசியேஷன் வெளியே எதையும் மாட்ட விடாதா? சரி, திரைக்குப் பின்னால் வெள்ளைத் துணியில் லைனிங் கொடுத்து, அது வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி, கண்ணாடியை முடிந்தவரை ஒட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளை திருப்பி அனுப்புகிற ஒளியாவது கண்ணாடி வழியே வெளியே போகும். மதியம் ஒரு மணிக்கே மூடிவிட வேண்டும், பொழுது சாய்ந்ததும் முழுக்கத் திறந்துவிட வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கு பிளாக்அவுட் தேவைதான். அதை இருட்டுக்காக வாங்குங்கள், குளிர்ச்சிக்காக வாங்காதீர்கள்.

கடற்காற்றை அடைப்பது

காலை வெயிலுக்கு மூடிய கிழக்கு ஜன்னலை அப்படியே ராத்திரி வரை விட்டுவிடுகிறார்கள். கடற்காற்று ஏறுவதே மதியத்துக்கு மேல்தான், அதற்குள் வெயில் மேற்கே போயிருக்கும். அங்கே மெல்லிய பருத்தி போதும்.

ஸ்லைடிங் ஜன்னல் என்றால் இன்னொரு சிக்கல். அதில் பாதிதான் திறக்கும், ஒதுக்கிவிட்ட திரை அந்தப் பாதியின் மேலேயே வந்து குவிந்து நிற்கும். ராடை ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் 20, 25 செ.மீ. சுவர்மேல் நீட்டி அடித்தால் துணி சுவரில் ஒதுங்கிக்கொள்ளும்.

வெட்டிவேர்த் தட்டியை எந்நேரமும் நனைப்பது

வேலூர், திருச்சி மாதிரி உலர்ந்த காற்றுக்கு அருமையான பொருள். சென்னையில் கடற்காற்று ஏறிய பிறகு நனைத்தால் ஈரம் ஆறாது, புழுக்கம்தான் கூடும்.

தரையில் புரளும் நீளம்

வேண்டாம். தரைக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்துங்கள்.

இரும்பு ராடு

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பக்கம் தொடவே தொடாதீர்கள். ராடை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிவிட்டு, சாதா ஸ்க்ரூவைப் போட்டு முடுக்காதீர்கள். துருக்கறை துணியில் இறங்கினால் லேசில் போகாது.

மழைக்காலத்தை மறந்து தைப்பது

லைனிங்கை நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் நடுவில் தங்கும் ஈரம் காயாது. கரும்புள்ளியாகப் பூஞ்சை வந்துவிடும். மேல்விளிம்பில் மட்டும் சேர்த்து, கீழே தனியாக விடுங்கள். அடுக்கடுக்காக மடிந்து மேலேறும் ரோமன் பிளைண்டைத் தூக்கியே வைத்திருந்தாலும் மடிப்புக்குள் இதே கதைதான். வாரத்தில் சில நாளாவது முழுக்க இறக்கிக் காற்றாட விடுங்கள்.

பருத்தித் துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் 7 அடித் திரை முதல் சலவையிலேயே 3 அங்குலம் வரை சுருங்கி ஏறிவிடும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால், கீழ் மடிப்பை உள்ளே இரட்டையாக விட்டுத் தையுங்கள். அப்புறம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.