ஜெர்மனியில் தேவாலயம் நடத்தும் கிண்டர்கார்டன்: புதிதாக வந்த பெற்றோருக்கு

சேர்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது, பிள்ளை இன்னும் ஓர் எழுத்துகூட எழுதவில்லையே என்ற கவலை இங்கே வரும் தமிழ்ப் பெற்றோரில் பலருக்கும் வருகிறது. எனக்கும் வந்தது. ஊரில் அண்ணன் மகள் எல்.கே.ஜி.யில் அ, ஆ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். என் மகளோ தினமும் சேறு அப்பிய கால்சட்டையோடு வீடு வந்தாள். ஜெர்மனியில் எழுத்தும் கணக்கும் ஆறு வயதில், ஒன்றாம் வகுப்பில்தான் முறையாகத் தொடங்கும். இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கிண்டர்கார்டனையும் குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்து இங்கே ‘கீட்டா’ என்பார்கள். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் 1 முதல் சட்டப்படி உரிமை. ஆனாலும் இடம் எளிதில் கிடைப்பதில்லை. முகவரிப் பதிவு முடிந்த கையோடு நாலைந்து இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கான சான்றும் கட்டாயம். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குக் கிடைப்பது தேவாலயம் நடத்தும் கீட்டாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாட்டின் கீட்டாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை. பலகையில் ‘எவாங்கேலிஷ்’ என்று பார்த்ததும் நம்மவர்கள் சிலர் நற்செய்திக் கூட்டத்தை நினைத்துத் தயங்குகிறார்கள். அது லுத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழி வந்த சபையைக் குறிக்கும் சொல், அவ்வளவுதான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் லுத்தரன் மரபினரே. சபை நடத்தினாலும் செலவில் பெரும்பகுதியைத் தருவது அரசும் நகராட்சியும்தான். இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரை 1840-இல் சூட்டிய ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபல் ஒரு பாதிரியாரின் மகன். அவருடைய கிண்டர்கார்டன்கள் நாத்திகத்தை வளர்க்கின்றன என்று சொல்லி 1851-இல் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசு தடை போட்டது. 1860-இல்தான் அது நீங்கியது. இன்று அதே கிண்டர்கார்டன்களைத் திருச்சபைகளே நடத்துகின்றன.

மதம் எந்த அளவுக்கு இருக்கும்? சாப்பாட்டுக்கு முன் கைகூப்பி இரண்டு வரி நன்றி சொல்வார்கள். நோவாவின் பேழை, நல்ல சமாரியன் போன்ற கதைகளைத் துணியும் மரப் பொம்மைகளும் வைத்துச் சொல்வார்கள். சில கீட்டாக்களுக்குப் பாதிரியார் அவ்வப்போது வருவார். உங்களுக்கு எது சம்மதம், எது வேண்டாம் என்பதைச் சேர்க்கைப் பேச்சின்போதே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கரடி மிட்டாயில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும்.

கற்பதில் பெரும்பகுதி திருநாள்களின் வழியாகத்தான் வருகிறது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்த போர்வீரர் அவர். இரண்டு வாரத்துக்கு முன்பே பிள்ளைகள் காகிதத்தில் விளக்குக்கூடு செய்யத் தொடங்கிவிடுவார்கள். அன்று மாலை இருட்டியதும் அதைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டே தெருவில் ஊர்வலம் போவார்கள். என் மகளின் முதல் ஊர்வலம் முடிந்ததும் கையில் ஒரு இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள், இரண்டு பிள்ளைக்கு ஒன்று. அவள் அதைப் பிட்டு, இரண்டு துண்டையும் ஏற இறங்கப் பார்த்து, பெரியதைப் பக்கத்துப் பையனிடம் நீட்டினாள். மூன்றரை வயது. குளிரில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றாடம் கற்பவையும் சாதாரணமானவை அல்ல. மேலங்கியைத் தலைகீழாகத் தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் காலருகே வரும்படி நின்று, கைகளை நுழைத்துத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கற்றுத்தருகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் உடுத்திக்கொள்கிறது. கண்ணாடிக் குவளையில் தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறது. காலையில் வட்டமாக உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. பிடிக்காததை யாராவது செய்தால் உள்ளங்கையை முன்னே நீட்டி ‘ஷ்டாப்’ என்று உரக்கச் சொல்கிறது. பெரியவர்களிடமும் இதைச் சொல்லலாம் என்று கற்றுத்தருகிறார்கள். பாட்டி வற்புறுத்தி முத்தம் கேட்டபோது என் மகள் கை நீட்டினாள். வீட்டில் சங்கடமாகிவிட்டது. ஆனால் அந்தக் கையை மடக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்க வேண்டியவை: மழைக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே போட ஒரு ஜோடி செருப்பு, மாற்றுத்துணி, ரொட்டி டப்பா. எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். மழை பெய்தாலும் வெளியே அழைத்துப் போவார்கள்.

முதல் சில வாரங்கள் நீங்களும் உடன் இருக்க வேண்டும். ‘ஐன்கெவோனுங்’ எனப்படும் இந்தப் பழக்கும் காலம் இரண்டு வாரத்திலும் முடியலாம், ஆறு வாரமும் ஆகலாம். வேலையில் சேரும் தேதியை அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

ஜெர்மன் சீக்கிரம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டாம். தாய்மொழியிலேயே பேசுங்கள் என்று ஆசிரியைகளே வலியுறுத்துகிறார்கள். தண்ணீர், வலிக்கிறது, தூக்கம், சிறுநீர், அம்மா வருவாள் என்று பத்துச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதி முதல் நாளே ஆசிரியையிடம் கொடுங்கள். நான் கொடுத்த தாளை அவர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். மூன்றாம் நாள் நான் கதவுக்கு வெளியே நின்றபோது, அழுதுகொண்டிருந்த மகளிடம் “அம்மா வர்வாள், அம்மா வர்வாள்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.