தூரத்துக் குண்டைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் திணித்துச் சுடுவது நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி. அமெரிக்காவில் அதன் நவீன வடிவத்துக்கென்றே பல மாநிலங்கள் மான் வேட்டைப் பருவத்தைத் தனியாக ஒதுக்குகின்றன. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சோதனைக் களத்துக்கானது.

200 கஜத்தில் மானைச் சுடப்போகிறவர், அந்தத் தூரத்தில் தன் குண்டின் முனை விரிந்து மலருமா, எவ்வளவு ஆழம் போகும் என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மலராத குண்டு மெல்லிய துளை போட்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். துப்பாக்கியைத் துடைப்பது, காதடைப்பான் போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

மருந்தைக் குறைத்துவிட்டு "இதுதான் 200 கஜம்" என்பது

அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு நாள் உழைப்பு, தசைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் ஒரு ஜெலட்டின் கட்டி, அரைப் பெட்டி குண்டு, எல்லாம் இதில் வீணாகும். போதாததற்கு, தப்பான நம்பிக்கையோடு ஆள் காட்டுக்கும் போய்விடுவார்.

யோசனையில் தவறில்லை. 250 கிரெயின் (சுமார் 16 கிராம்) எடையுள்ள குண்டு வினாடிக்கு 1,950 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கிழித்து வேகத்தைக் காக்கும் திறனைச் சொல்லும் எண் (பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்) அதற்கு 0.2 என்றால், 200 கஜம் போவதற்குள் வேகம் 1,350 அடி அளவுக்கு இறங்கிவிடும். கட்டியை அருகில் வைத்து, மருந்தைக் குறைத்து, அதே 1,350-ல் சுட்டால் என்ன? செய்யலாம். ஆனால் களத்தில் வழக்கமாக நடப்பது வேறு. புதியவர் 100 கிரெயின் மருந்தை 50 ஆக்குவார். வேகத்தை அளக்க மாட்டார். சுட்ட குண்டு அழகாக மலர்ந்திருக்கும். பாதி மருந்து பாதி வேகம் தராது, அதைவிட நிறையவே தரும். அவர் 200 கஜ வேகம் என்று நினைத்தது 120 கஜ வேகமாகக்கூட இருக்கலாம்.

வேகத்தை அளந்தே ஆக வேண்டும். 50 கிரெயினில் தொடங்கி 5 கிரெயினாக ஏற்றிக்கொண்டு, குறித்த வேகம் வருகிற அளவில் நிறுத்துங்கள். அதே அளவில் மூன்று முறை சுட்டு வேகம் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். 50 கிரெயினாக மாத்திரைபோல அழுத்திய மருந்து இதற்கு உதவாது, தூள்தான் வேண்டும். மாத்திரையை உடைத்துப் போடும் வேலையே கூடாது. துண்டின் அளவு மாறினால் எரியும் வேகமும் அழுத்தமும் மாறும்.

வேகம் பொருந்தினாலும் சுழற்சி பொருந்தாது. உள்ளே 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக முறுக்கிய வரிப்பள்ளம் உள்ள குழலில் 1,950 அடியில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்குச் சுமார் 50,000 சுற்று சுழலும். 200 கஜத்தில் முன்னோக்கிய வேகம் வெகுவாக விழுந்திருக்கும், சுழற்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1,350-ல் கிளம்பிய குண்டோ 34,700 சுற்றுதான் சுழலும். உண்மையான தூரத்துக் குண்டைவிட இது நிலைகுலையவும், சற்றே சாய்ந்து நுழையவும் வாய்ப்பு அதிகம். சாய்ந்து நுழைந்தால் முனை சரியாக மலராது, ஆழமும் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கட்டிக்கு ஓரடி முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கட்டிவைப்பது. துளை வட்டமாக இருந்தால் கணக்கில் எடுங்கள். நீள்வட்டமாகவோ சாவித்துளை போலவோ இருந்தால் அந்தச் சூட்டைக் கழித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 0.50 அங்குலக் குழலில் 0.452 அங்குலக் குண்டைச் சுட, அதைச் சுற்றி சேபட் என்ற பிளாஸ்டிக் உறை இருக்கும். மருந்தின் அழுத்தத்தில்தான் அந்த உறை குழலோடு இறுகும். மருந்து மிகக் குறைந்தால் சரியாக இறுகாமல் வாயு கசிந்து, வேகம் சூட்டுக்குச் சூடு அலையும். கட்டியை மிக அருகில் வைத்தால் உறையும் குண்டோடு வந்து கட்டியைக் கிழிக்கும். 25 கஜத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

எனவே குறைமருந்து முறை சல்லடைக்கு மட்டும். ஐந்து வகைக் குண்டில் மூன்றைக் கழிக்க உதவும். மிச்சம் இரண்டையும் முழு மருந்தில் நிஜத் தூரத்தில் சுட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கட்டி சூடாவதைக் கவனிக்காமை

10 சதவீத ஜெலட்டின் 4 டிகிரி செல்சியசில் இருந்தால்தான் அளவு செல்லும். சரிபார்க்க வினாடிக்கு 590 அடி வேகத்தில் 0.177 அங்குல இரும்புக் குண்டுமணியைச் சுடுவார்கள். அது 8.5 செ.மீ. போக வேண்டும், ஒரு செ.மீ. கூடலாம், குறையலாம். இதுவரை எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். தூரச் சோதனைதான் கெடுக்கிறது. சுட்டதும் குழலை ஈரத் துணியாலும் காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும், சேபட் இளகாமலிருக்கப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், 200 கஜம் போய்வர வேண்டும். மூன்று சூட்டுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் வெயிலில் கட்டி இளகி, குண்டு தேவைக்கு மேல் ஆழம் போனதாகக் காட்டும். கட்டியைப் பனிப்பெட்டியில் வைத்து, சுடும் நேரத்துக்கு மட்டும் எடுங்கள். குண்டுமணிச் சோதனையை முதலிலும் கடைசியிலும் செய்து, இரண்டு எண்ணையும் எழுதிவையுங்கள்.

சிறிய கட்டியை நம்பித் தூரத்தில் சுடுவது

வழக்கமான கட்டியின் முகம் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம். 100 கஜத்துக்குக் குறிவைத்த மேற்சொன்ன குண்டு 200-ல் ஓரடி அளவு தாழும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 10 அங்குலம் தள்ளும். முதலில் காகிதத்தில் குறியைச் சரிசெய்யுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் பட்ட குண்டின் தடத்தை அளக்காதீர்கள், கட்டி பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும்.

ஆற்றல் எண்ணைப் பார்த்துத் திருப்தியடைவது

250 கிரெயின் 1,350 அடியில் 1,012 அடி-பவுண்டு. மானுக்கு 1,000 போதும் என்று பலர் சொல்வார்கள். மலராத குண்டுக்கும் அதே எண்தான் வரும். பெட்டியில் மலர்வதற்கான குறைந்தபட்ச வேகம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்தை எடையால் அளப்பது

கருமருந்துக்கு மாற்றாக வரும் தூள்களுக்குச் சொல்லும் அளவு கொள்ளளவு. பிளாக்ஹார்ன் 209 என்ற தூளில் 100 கிரெயின் கொள்ளளவு என்பது எடையில் 70 கிரெயின்தான்.

புகையில்லா மருந்து

அதற்கென்றே செய்யாத குழலில் ஒருபோதும் போடாதீர்கள். குழல் வெடிக்கும்.

குண்டு மருந்தின் மேல் உட்காராதது

இடைவெளி விட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். சரியான ஆழத்தைக் கம்பியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குண்டை எடுத்துப் படம் பிடிப்பது

ஒவ்வொரு வேகத்துக்கும் மூன்று குண்டாவது வேண்டும். எடுத்த குண்டைக் கழுவிக் காயவைத்து நிறுங்கள். மலர்ந்த தலையின் அதிக அகலம், குறைந்த அகலம் இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள். நன்றாக மலர்ந்த ஒன்றைப் படத்துக்கு வைத்துவிட்டு மலராத இரண்டைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது.

வேட்டையாடும் இடத்தின் விதியைக் கடைசியில் படிப்பது

அமெரிக்க மாநிலமான கொலராடோவில், வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கான பருவத்தில் சேபட், மாத்திரை மருந்து, தொலைநோக்கிக் குறி மூன்றுமே கூடாது. அங்கே போகிறவர் சேபட் குண்டை ஒரு மாதம் சோதித்துப் பயனில்லை. குழலின் அளவுக்கே செய்த குண்டைத் திறந்த குறியோடு சோதிக்க வேண்டும். 8,000 அடி உயர மலையில் காற்று மெலிது, வேகம் மெதுவாகத்தான் விழும். கடல்மட்டத்துக்குப் போட்ட கணக்கை அங்கே கொண்டுபோகாமல், உயரத்தைக் கொடுத்து மோதும் வேகத்தை மறுபடி கணக்கிட்ட பிறகு மருந்தை அளக்கத் தொடங்குங்கள்.