தனுஷ்கோடியில் எஃப் 1.4 லென்ஸைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் கைக்கு வந்ததும் பலர் நேரே தனுஷ்கோடிக்கு வண்டியை விடுகிறார்கள். இடிந்த தேவாலயச் சுவரை 1.4, 2, 2.8, 4, 8 என்று அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) மாற்றி வரிசையாக எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பாதி வெயிலையும் காற்றையும் பற்றியதாகவே இருக்கும்.

நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 நொடி. அதே வெளிச்சத்தில் எஃப் 1.4-க்கு 1/13,000 வேண்டும். பெரும்பாலான மெக்கானிக்கல் ஷட்டர்கள் 1/4000 அல்லது 1/8000-ல் நின்றுவிடும். படம் வெளிறும், பழி லென்ஸுக்கு. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டினால் கடைசிப் படம் வரை அதைக் கழற்றக் கூடாது. மலிவு ஃபில்டர் என்றால் சோதனையே அந்த ஃபில்டருக்குத்தான். விடிந்த கையோடு எடுப்பது நல்லது. வெயில் ஏறியபின் மண்டபம் கரையிலிருந்து பாம்பன் பாலத்தைக் குறிவைத்தால் கானல் அசைவில் எஃப் 2-க்கும் 5.6-க்கும் வித்தியாசமே தெரியாது.

தேவாலயச் சுவரும் சரியான இலக்கு இல்லை. பவளக்கல், மேடும் பள்ளமுமாக இருக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.4-ல் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். பிக்சல் அளவில் பார்த்தால் அதைவிடக் குறைவு. ராமேஸ்வரம் ஊருக்குள் சமமான மதிலில் ஒட்டிய சினிமா போஸ்டர் இதற்கு எவ்வளவோ மேல்: அச்சுப் புள்ளிகள்வரை எண்ணலாம். சென்சாரும் சுவரும் இணையாக இருக்கட்டும். கேமரா கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒரு மூலை மங்கும், லென்ஸே கோணல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

ஃபோகஸ்தான் பெரிய பொறி. எஃப் 1.4-ல் ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு அபெர்ச்சரை மட்டும் மாற்றினால், இதுபோலப் பெரிய திறப்புள்ள சில வேக லென்ஸ்களில் கூர்மை விழும் தளமே நகர்ந்துவிடும், பெரும்பாலும் பின்பக்கமாக. கண்ணாடியின் ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் கூடாததால் வருவது இது. எஃப் 2.8 மோசம் என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு அபெர்ச்சரிலும் ஆட்டோஃபோகஸை நம்பினாலோ அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும். திரையைப் பெரிதாக்கி, எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே கையால் ஃபோகஸ் செய்யுங்கள். மூன்று நான்கு படம் எடுத்து, நல்லதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் டிரைபாட் நடுங்கும். அந்தி வெளிச்சத்தில் எஃப் 1.4-க்கு 1/125 என்றால் எஃப் 8-க்கு கால் நொடி. மங்கலுக்குக் காரணம் நடுக்கம். எஃப் 16-ல் வரும் மென்மை வேறு, அது ஒளி விளிம்பில் வளைவதால் எல்லா லென்ஸுக்கும் வருவது. உப்புப் படலத்தையும் மறக்க வேண்டாம்: முன்கண்ணாடியில் படிந்தால் காண்ட்ராஸ்ட் போய்விடும். ஊதிவிட்டு, பிறகு துடையுங்கள்.

மூலைகளில் ஒளிப்புள்ளி சிறகு விரிக்கிறதா என்று பார்க்க நங்கூரமிட்ட படகுகளின் விளக்கு வேண்டாம். அமைதியான பெண்கடல் (வங்கக்கடல்) பக்கம் என்றாலும் படகு ஆடும். தூரத்துத் தெருவிளக்கு போதும். 1.8 லென்ஸும் கையில் இருந்தால், இரண்டையும் எஃப் 2-ல் வைத்து ஒப்பிடுங்கள்.