தலை அரிப்பா? ஷாம்பூவை உடனே அலசாதீர்கள்

பொடுகு ஷாம்பூ போட்டும் அரிப்பு நிற்கவில்லை என்றால் வேறு பாட்டில் வாங்க ஓடாதீர்கள், இருக்கிற ஷாம்பூவையே நுரை வந்ததும் அலசிவிடாமல் 5 நிமிடம் தலையில் ஊறவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். முடியில் இல்லை, வகிடு பிரித்து விரல் நுனியால் தோலில் படும்படி தேய்க்க வேண்டும். நகம் வேண்டாம்.

பொடுகு அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. எல்லார் தலையிலும் இருப்பதுதான், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்றே பெருகும். ஷாம்பூவில் இருக்கும் கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து அதன் மேல் வேலை செய்ய 3 முதல் 5 நிமிடமாவது ஆகும், நாமோ அரை நிமிடத்தில் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மருந்தைத் திட்டுகிறோம். வாரம் 2 முறை, 4 வாரம் வரை போதும். அந்த நாட்களில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைப்பதை நிறுத்திவிடுங்கள் (அம்மா திட்டுவார், பரவாயில்லை), பூஞ்சைக்கு அது விருந்து.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரித்து, முடியில் உதறினாலும் விழாத வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது ஈர் (பேன் முட்டை), அதற்குப் பேன் சீப்பு வேண்டும். டை அடித்த மறுநாள் ஆரம்பித்த அரிப்புக்கும் இந்த ஷாம்பூ உதவாது, டையை நிறுத்த வேண்டும். குழந்தைக்கு வட்டமாக முடி கொட்டினாலோ, சீழ் வைத்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.