சிறையில் இருப்பவரிடம் சிவில் வழக்குப் பத்திரங்களைச் சேர்ப்பிக்கும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனில் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவாக இருக்கும் என்னிடம், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிரதிவாதி உள்ளே இருக்கிறாராம் அண்ணே, அவர் வெளியே வரும்வரை வழக்கு காத்திருக்க வேண்டுமா?" காத்திருக்க வேண்டியதில்லை. கடன் பாக்கி, வாடகை பாக்கி, விபத்து இழப்பீடு என எந்தச் சிவில் வழக்கையும் கைதியின் மீது தொடரலாம். ஆனால் பத்திரம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டு மலேசிய நீதிமன்ற விதிகளின்படி ரிட் சம்மன், அதாவது வழக்கைத் தொடங்கும் நீதிமன்ற அழைப்பாணை, வெளியிடப்பட்ட நாளையும் சேர்த்து ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும். மார்ச் 3-இல் முத்திரையிடப்பட்ட ரிட் செப்டம்பர் 2-உடன் முடிந்துவிடும். சிறை தொடர்பான கடிதப் போக்குவரத்துக்கே சில வாரங்கள் ஓடிவிடும் என்பதால், ரிட் கைக்கு வந்த வாரத்திலேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து, அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று உறுதி செய்ய வேண்டும். பினாங்கில் பிடிபட்டவர் பினாங்குச் சிறையில்தான் இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஜாவியில் உள்ள செபராங் பிறை சிறையில் இருக்கலாம், மாநிலம் தாண்டிச் சுங்கைப் பட்டாணிக்கோ காஜாங்கிற்கோ மாற்றப்பட்டும் இருக்கலாம். விசாரிக்கும்போது பெயரை மட்டும் சொல்லாமல் அடையாள அட்டை எண்ணையும் கொடுங்கள். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். தகப்பன் பெயரும் அப்படியே. பன்னிரண்டு இலக்க எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை.

வீட்டு முகவரிக்கே ஏ.ஆர். (பெற்றதற்கான ஒப்புகை அட்டையுடன் கூடிய) பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு அப்படி அனுப்ப அந்த விதிகளின் 10-ஆவது ஆணை இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் சிறையில் இருப்பது தெரிந்தே வீட்டுக்கு அனுப்பி, அதைக் காட்டி எதிர்ப்பின்றித் தீர்ப்பு வாங்கி, பிறகு அவர் அதை ரத்து செய்யக் கேட்டு வந்தால், நம் பக்கம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்பது என் கருத்து. கதவில் ஒட்டுவது, நாளிதழில் விளம்பரம் செய்வது போன்ற மாற்று வழிகளும், ஆளைக் கண்டுபிடித்து நேரில் கொடுக்க முடியாத நிலைக்கு உரியவை. சிறையில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்கே தெரியும்.

ஆகவே சிறையின் இயக்குநருக்கு, அதாவது பெங்காராவுக்கு, மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், கைதியின் பெயர், அடையாள அட்டை எண், கொண்டுவரும் பத்திரங்கள், கொண்டுவருபவரின் விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கைதியிடம் நேரில் ஒப்படைக்க நாளும் நேரமும் கேளுங்கள். வார விடுமுறையையும் பொது விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள்.

குறித்த நாளில் ஒன்றுக்கு இரண்டு நகல்களாக எடுத்துச் செல்லுங்கள்: முத்திரையிட்ட ரிட்டும் கோரிக்கை அறிக்கையும் கைதிக்கு; இன்னொரு நகல் அவர் கையொப்பமிட்டுத் திருப்பித் தருவதற்கு. இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறையின் வாசல் முகப்பில் உறையைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினேன். அந்த முத்திரை சிறை அலுவலகம் ஒரு தபாலைப் பெற்றதற்கே சான்று. கைதி பெற்றதற்குச் சான்று அன்று. அவரோ இரண்டு வாரத்துக்கு முன்பே வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்தார். ரிட்டின் ஆயுளும் முடியும் தறுவாயில் இருந்ததால், நீட்டிப்புக்கு மனுச் செய்ய வேண்டியதாயிற்று. 62-ஆவது ஆணைப்படி நேரடிச் சேர்ப்பிப்பு என்பது உரியவரிடமே நகலை விட்டுவருவதுதான். அவர் கையொப்பமிட மறுத்தாலும் பத்திரம் சேர்ந்ததுதான். மறுத்ததை அப்போதே, உடனிருந்த அதிகாரியின் பதவியோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கைப் பற்றி ஆலோசனை கேட்டால் சொல்லாதீர்கள். நீங்கள் எதிர்த்தரப்பின் ஆள். சட்ட உதவித் துறையை அணுகலாம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலகம் திரும்பியதும் சேர்ப்பிப்பு அஃபிடவிட்டை, அதாவது பத்திரம் சேர்ந்ததற்கான உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாரியுங்கள். யார் கொடுத்தார், எந்தக் கிழமை, எந்தத் தேதி, எங்கே, எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிழமையை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கையொப்பமிட்ட நகலை இணைத்து, நேரில் போனவரே சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

பத்திரம் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பிரதிவாதி, தாம் வழக்கில் பங்கேற்பதைத் தெரிவிக்கும் முன்னிலையாதல் குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளே இருப்பவருக்கு இணையவழித் தாக்கல் ஏது? குறிப்பு வரவில்லை என்று பதினைந்தாம் நாளே எதிர்ப்பின்றித் தீர்ப்புக் கேட்டு ஓடாமல் சற்றுப் பொறுக்கும்படி நான் எங்கள் வழக்கறிஞரிடம் சொல்வதுண்டு. அவசரத்தில் வாங்கிய தீர்ப்பைப் பிறகு ரத்து செய்யக் கேட்டால், இரு தரப்புக்கும் செலவுதான். அவர் குறிப்பைத் தாக்கல் செய்து சிறை முகவரியையே கொடுத்திருந்தால், அடுத்தடுத்த பத்திரங்களை அங்கே அனுப்பும் முன் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அழைத்து, அவர் இன்னும் அதே சிறையில்தான் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.